அந்த வீட்டுக்குப் போகும் முன்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் வந்த கடிதத்தைப் பேச்சு டீச்சர் இன்னும் கிழித்துப் போடவில்லை. கிழிக்கத்தான் இரண்டு தடவை கையில் எடுத்தாள். இரண்டு தடவையும் இன்னொரு முறை படித்துவிட்டு, மேஜை டிராயரில் தலைகீழாக வைத்து மூடினாள்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு வீடு தேடிப் போய் மறுபடியும் பேசக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். அதனால்தான் அக்கம்பக்கத்தில் பேச்சு டீச்சர் என்று பெயர். இத்தனை வருஷத்தில் அவள் மேல் ஒரு சின்ன முணுமுணுப்புகூட வந்ததில்லை. முதல் புகார், பக்கவாதத்தில் படுத்திருக்கும் சர்வேயர் வீட்டிலிருந்து வந்தது.

எழுதியவர் சர்வேயர் இல்லை. அவரால் பேசவும் முடியாது, பேனா பிடிக்கவும் முடியாது. எழுதியவர் அவருடைய தம்பி. 'நேரத்துக்கு வருவதில்லை. நோயாளியை அளவுக்கு மீறிக் களைப்படையச் செய்கிறார். அனுமதி இல்லாமல் அலமாரியைத் திறந்தார். இனி வர வேண்டியதில்லை.' அடியில் இன்னொரு வரி: 'நகல், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மகளுக்கு.'

அலமாரியைத் திறந்தது உண்மைதான். சர்வேயரின் மூக்குக் கண்ணாடியை எடுக்கத் திறந்தாள். எடுத்துக் கொடுங்கள் என்று சொன்னதே அந்தத் தம்பிதான்.

இந்தப் புண் ஆறுவதற்குள், இன்று காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே நாத்தனார் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அண்ணி, எனக்கு ஒரு புது வீடு கிடைச்சிருக்கு. இன்னிக்கு நாலு மணிக்கு முதல் நாள்."

நாத்தனாருக்கு வீட்டில் வாலு என்று பெயர். முப்பது வயதாகியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. பிசியோதெரபி படித்தவள். ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு, சொந்தமாகத் தொழில் நடத்தப்போகிறேன் என்று நாலு மாதத்துக்கு முன்னால் இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டில் வந்து இறங்கினாள். இதுவரை கிடைத்தது மூன்றே வீடுகள்.

"நல்லதாப் போச்சு. யார் வீடு?"

"சர்வேயர் வீடு."

டீச்சர் டீயை வாய்க்குக் கொண்டுபோனவள், குடிக்காமல் கீழே வைத்தாள்.

"அவங்களுக்கு உன் நம்பர் எப்படித் தெரியும்?"

"யாராவது கொடுத்திருப்பாங்க. நான் கேக்கலை."

கேட்கவில்லையா, இல்லை சொல்ல மனமில்லையா? டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். வாலு ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை அக்கறையாக யாரும் ரொட்டியைப் பார்த்து டீச்சர் கண்டதில்லை.

"அது நான் விட்ட இடம்னு தெரியும்ல?"

"நீங்க விட்ட இடம் இல்லை அண்ணி. அவங்க உங்களை வேண்டாம்னு சொன்ன இடம்."

"வாலு!" என்றார் டீச்சரின் கணவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"என்ன, தப்பாவா சொன்னேன்? நடந்ததைத்தானே சொன்னேன்?"

டீச்சர் பொறுத்துக்கொண்டாள். சொல்ல நிறைய இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. தனக்குப் போன வீடு நாத்தனாருக்குக் கிடைத்ததில் அண்ணிக்கு வயிற்றெரிச்சல் என்று ஆகும். நாளைக்கு மாமியார் வரை போன் போகும்.

"போறதுன்னா போ. அந்தத் தம்பிகிட்ட மட்டும் கொஞ்சம் பார்த்து நடந்துக்கோ."

"ஏன்?"

"கொஞ்சம் கஷ்டமான ஆள்."

"எந்த வீட்டுலதான் ஒரு கஷ்டமான ஆள் இல்லை? நம்ம வீட்டுல இல்லையா?"

யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, வாலு தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

*

அவள் பையைத் தூக்கிக்கொண்டு காலையில் பார்க்கும் வேறொரு வீட்டுக்குக் கிளம்பியதும் டீச்சர் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீடுகளுக்குப் போய்ச் சிகிச்சை செய்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பதினான்கு பேர். பிசியோ, நர்ஸ், பேச்சுப் பயிற்சி என்று எல்லாரும் கலந்து. எந்தத் தெருவில் நாய் அவிழ்ந்து திரிகிறது என்பதிலிருந்து எந்த டாக்டரின் கையெழுத்து புரியாது என்பது வரை எல்லாம் அதில் வரும். எந்த வீடு சரியில்லை என்பது மட்டும் வந்ததே இல்லை.

"எழுதப் போறேன்" என்றாள் கணவரிடம்.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஊரார் எழுதியதையெல்லாம் திருத்துகிறவருக்கு மனைவி எழுதுவது என்றால்தான் பயம்.

"கோபத்துல எழுதாதே."

"கோபமே இல்லை. கேளுங்க. 'நண்பர்களே, சர்வேயரின் தம்பி ஒரு பொய்யர். மூன்று வாரம் தேனாகப் பேசுவார், நாலாவது வாரம் கழுத்தை அறுப்பார்.'"

"பொய்யர்னு எழுதினா நிரூபிக்கணும்."

"நிரூபிக்கிறேன்."

"எப்படி? அலமாரியை வரவழைச்சு சாட்சி சொல்லச் சொல்வியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அதோட, சர்வேயர்னு போட்டா அது யாருன்னு ஊருக்கே தெரியும். நோயாளியை அடையாளம் காட்டினதா ஆகும். உன் தொழிலுக்கு அது ஆகுமா?"

ஆகாது. அது அவளுக்கும் தெரியும். அரை மணி நேரம் எழுதினார்கள், அடித்தார்கள், மறுபடி எழுதினார்கள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

'நண்பர்களே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், அந்த வீட்டுக்குப் போகும் முன் என்னிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். என் அனுபவம் அவ்வளவு இனிமையாக இல்லை. இனி அங்கே போகாமலிருப்பதே நல்லது என்பது என் சொந்தக் கருத்து.'

"நோயாளி அருமையான மனிதர்னு ஒரு வரி சேர்க்கட்டுமா?"

"வேண்டாம். அவர் அருமைன்னா மத்தவர் மோசம்னு ஆகும்."

அந்த வரி போயிற்று.

"வாலுவும் குழுவுல இருக்கா, ஞாபகம் இருக்கா?" என்றார் அவர்.

"இருக்கட்டும். அவகிட்ட மட்டும் சொன்னா பொறாமைன்னு சொல்வா. எல்லாருக்கும் சொன்னா அப்படிச் சொல்ல முடியாதில்லை?"

மணி ஒன்பதரைக்கு அனுப்பினாள்.

பத்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு இரண்டு பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். ஒருவர் கைகூப்பினார். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. குழுவுக்கு வெளியே, தனியாக, வாலுவிடமிருந்து ஒன்று வந்தது: 'ரொம்ப நாகரிகமா எழுதியிருக்கீங்க அண்ணி. இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.'

*

பதினொரு மணிக்கு ஒரு வீட்டில் பயிற்சி முடித்து மாடிப்படி இறங்கும்போது முதல் போன் வந்தது. கூப்பிட்டவர் குழுவில் இருக்கும் பிசியோ, மாடிப்படி மாஸ்டர். எந்த நோயாளி கிடைத்தாலும் மாடிப்படி ஏற வைத்துவிட்டுத்தான் ஓய்வார், அதனால் அந்தப் பெயர்.

"டீச்சர், நீங்க எழுதின வீடு மூணாவது மாடியா?"

"நான் எதுவும் சொல்லலை மாஸ்டர்."

"நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன். லிஃப்ட்ல கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். வாசல்ல செருப்பை வரிசையா வைக்கலைன்னா அந்தத் தம்பிக்கு ஆகாது. சரியா?"

டீச்சர் படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்களும் போனீங்களா?"

"போன வருஷம். நாலாவது வாரம் கடிதம் வந்தது. நோயாளியை நான் பிடிச்சுத் தள்ளிட்டேனாம். மூணு நாள் எனக்குத் தூக்கமே வரலை."

"ஏன் மாஸ்டர் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா என்ன நினைப்பீங்க? நெருப்பில்லாம புகையுமான்னுதானே நினைப்பீங்க? வாயை மூடிக்கிட்டேன்."

தானும் ஒரு வாரம் அதையேதான் செய்தோம் என்று டீச்சருக்குத் தோன்றியது. எதற்கென்று தெரியாமல் ஒன்று கேட்டாள்.

"கடைசி நாள் அங்க என்ன நடந்தது?"

"அதான் வேடிக்கை. கடைசி நாள்தான் நல்ல நாள். அன்னிக்குத்தான் சர்வேயர் கட்டில் கம்பியைப் பிடிச்சுத் தானா எழுந்து நின்னார். தம்பிகிட்ட சொல்லிட்டு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கடிதம்."

மதியம் ஊசி அக்கா கூப்பிட்டாள். வீடு வீடாக ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். ஊரில் நடப்பது ஊசிமுனை அளவுகூட அவளுக்குத் தப்பாது. அவளுக்கும் அதே வீடு, அதே நாலாவது வாரம். மருந்தை மாற்றிக் கொடுத்தாள் என்று கடிதம்.

"கடைசி நாள் என்ன நடந்துச்சு அக்கா?"

"அன்னிக்கு அவர் விரல்ல பேனாவை வெச்சுப் பார்த்தேன். ஒரு கோடு இழுத்தார். நேர்க்கோடு! சர்வேயர் இல்லையா."

"தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? நல்ல சேதியாச்சே." ஊசி அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அது இருக்கட்டும், உங்க நாத்தனாரும் இப்ப அங்கதான் போறாளாமே?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரோ பேச்சுவாக்குல சொன்னாங்க."

சர்வேயர் வீட்டை விட்டால், இன்று காலை சாப்பாட்டு மேஜையில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மதியத்துக்குள் யார் வாயில் எந்தப் பேச்சுவாக்கு? டீச்சர் போனை வைத்தாள்.

மதியத்து வீடுகளையும் முடித்தபோது மணி நாலு. தெருவோரப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். சர்வேயர் வீட்டில் தன் கடைசி நாள் நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு சர்வேயர் ஒரு சொல் சொன்னார். நாலு வாரம் வெறும் மூச்சாக வந்தது, அன்று சொல்லாக வந்தது. 'வேண்டாம்.' தெளிவாக, கடைசி மெய்யெழுத்து உட்பட. அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தம்பியிடம் சொன்னாள்: "இன்னிக்கு உங்க அண்ணன் வேண்டாம்னு முழுசா சொன்னார் சார்!"

"அப்படியா. எதை வேண்டாம்னார்?"

"எதையோ. அதுவா சார் முக்கியம்? சொன்னார், அதுதான் முக்கியம்."

எதை வேண்டாம் என்றார் என்று அவள் சர்வேயரைக் கேட்கவே இல்லை. தம்பிக்குத்தான் அது முக்கியமாகப் பட்டிருக்கிறது.

எழுந்து நின்றார், கடிதம். கோடு போட்டார், கடிதம். சொல் வந்தது, கடிதம்.

அச்சகத்துக்குப் போன் போட்டாள். பின்னால் இயந்திரங்களின் சத்தம். கணவர் காதைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒரு பிழை ஒரு இடத்துல வந்தா கை தவறினது. மூணு இடத்துல ஒரே மாதிரி வந்தா அது பிழையே இல்லை. வேணும்னே போட்டது."

"அவருக்குக் குணமாகக் கூடாதுன்னு நினைக்கிறவர் எதுக்குங்க ஆள் வைக்கணும்?"

"மகளுக்குக் காட்ட, ஆள் வெச்சும் பலனில்லைன்னு. நகல் யாருக்குப் போகுது பார்த்தியா?"

டீச்சர் மணியைப் பார்த்தாள். நாலு இருபது. வாலு அந்த வீட்டுக்குள் இருந்தாள். வாலுவுக்குக் கைராசி அதிகம். முதல் நாளிலேயே சர்வேயர் எதையாவது செய்து காட்டிவிட்டால், அவளும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு தம்பியிடம் போய்ச் சொல்வாள்.

கூப்பிட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. செய்தி எழுதலாம். வாலுவின் போன் மேஜையில் கிடந்து, அந்தத் தம்பி கண்ணில் பட்டால்? எழுதியதை அழித்தாள். ஆட்டோ பிடித்தாள்.

*

சர்வேயர் குடியிருப்பின் எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்தில் டீச்சர் உட்கார்ந்து காத்திருந்தாள். ஐந்து பத்துக்கு வாலு கேட்டைத் தாண்டி வந்தாள். எப்போதும் துள்ளித் துள்ளி நடப்பவள், பை தோளில் கனப்பதுபோல் நடந்து வந்தாள். அண்ணியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"வேவு பார்க்க வந்தீங்களா?"

"இல்லை. அந்தத் தம்பிகிட்ட ஏதாவது நல்ல சேதி சொன்னியா?"

"முதல்ல என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. என் நம்பர் எப்படிக் கிடைச்சதுன்னு காலைல கேட்டீங்கல்ல? நான் அந்த ஆளைக் கேட்டேன். என் விசிட்டிங் கார்டை எடுத்துக் காட்டினார். பின்னாடி பேனாவால 'என் நாத்தனார், கெட்டிக்காரி'ன்னு எழுதியிருக்கு. யார் கையெழுத்து தெரியுமா?"

டீச்சருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டாவது வாரம் அந்தத் தம்பி, 'பிசியோவுக்கு யாராவது தெரியுமா?' என்று கேட்டார். அப்போது பெருமையாக எடுத்துக் கொடுத்தது. சுத்தமாக மறந்துவிட்டிருந்தாள். காலையிலிருந்து இவள் மேல் சந்தேகப்பட்ட கணக்கெல்லாம் ஒரு நொடியில் தன் தலையிலேயே விழுந்தது.

"நான்தான்" என்றாள். "என்னை மன்னிச்சுடு வாலு."

வாலுவுக்கு அதற்கு மேல் சண்டை போட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க மெசேஜ் அந்த ஆள்கிட்ட இருக்கு அண்ணி."

"எந்த மெசேஜ்?"

"காலைல குழுவுல போட்டீங்களே, அது. காகிதத்துல அச்சடிச்சு வெச்சிருக்கார். 'உங்க அண்ணி அழகா எழுதறாங்க'ன்னு என் கையில கொடுத்தார். இன்னிக்கு ராத்திரி மகளுக்கு அனுப்பப் போறாராம். 'ஊர்ல யாரும் வரமாட்டேங்கறாங்க, எழுத்துலயே இருக்கு பாரு. இனி அப்பாவை வீட்டுல வெச்சுக்க முடியாது, தூரத்துல ஒரு ஹோம் இருக்கு, அங்க விட்டுடறேன்'னு சொல்லணுமாம். மகள் இத்தனை நாள் ஒத்துக்கலையாம். இதைப் பார்த்தா ஒத்துப்பாளாம்."

போகாமலிருப்பதே நல்லது. அரை மணி நேரம் உட்கார்ந்து செதுக்கிய வரி. அந்த ஆளுக்குத் தேவையான கத்தியைத் தானே தீட்டி, கைப்பிடியைத் துடைத்துக் கொடுத்திருக்கிறாள். குழுவிலிருந்து யாரோ ஒருவர் அதை ஓடிப்போய்ச் சேர்த்திருக்கிறார்.

"சர்வேயர் எப்படி இருந்தார்?" என்று கேட்டாள்.

வாலு குடியிருப்புப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"காலை மடக்கி நீட்டிட்டு இருந்தேன். அந்த ஆள் காகிதத்தை எடுக்க உள்ள போனார். சட்டுனு சர்வேயர் என் மணிக்கட்டைப் பிடிச்சார் அண்ணி. வலது கையால. வராதுன்னாங்களே, அந்தக் கையால. பிடிச்சுக்கிட்டு, போ... கா... தேன்னார்."

"போகாதேன்னா?"

"போகாதே. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடிட்டே போச்சு. அந்த ஆள் வர்ற காலடி கேட்டுது. நான் இருமினேன் பாருங்க ஒரு இருமல்! நெஞ்சே வெளியில வந்துடும்போல. அந்த ஆளே பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்."

"கேட்டாரா? முன்னேற்றம் இருக்கான்னு?"

"கேட்டார். வழக்கமா அதைக் கேக்கறவங்க முகத்துல ஒரு ஆசை இருக்கும். இவர் முகத்துல பயம் இருந்தது. ஒண்ணும் இல்லை சார், மரக்கட்டை மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேன். என் தொழில்ல முதல் பொய்."

டீச்சர் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் நாலு விரல் பதிந்த சிவப்பு இன்னும் இருந்தது. மாஸ்டர் கண்டதையும் ஊசி அக்கா கண்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாலு குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் கேட்டதே அந்த வீட்டுச் சரித்திரத்தில் அன்றுதான். இரண்டு பஸ் வந்து போயிற்று.

*

வீட்டுக்கு வந்ததும் வாலு நடந்ததை அண்ணனிடம் சொன்னாள்; டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள்.

"மாத்தி எழுதணும். அந்தக் காகிதம் செல்லாதுன்னு ஆகணும்."

"எழுதினா உன் பேர்தான் கெடும்" என்றார் கணவர். "காலைல ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சுன்னு சிரிப்பாங்க. உண்மையான காரணத்தையும் சொல்ல முடியாது. யார் கொண்டுபோய்க் கொடுக்கறாங்கன்னே தெரியாது."

"அதனாலதான் எழுதணும். கொண்டுபோறவங்க இதையும் கொண்டுபோகட்டும்."

இந்தத் தடவை அவர் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. அவளே எழுதினாள்: 'நண்பர்களே, காலையில் நான் எழுதியது தவறு. என் சொந்தக் கோபத்தில் எழுதிவிட்டேன். அந்தக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்து அழைப்பு வந்தால் யாரும் தயங்காமல் போகலாம். என் வீட்டிலிருந்தே ஒருவர் போய்க்கொண்டிருக்கிறார்.'

பதினோரு வருஷத்துப் பெயர் ஒரு விரல் தட்டலில் போயிற்று. உடனே மாடிப்படி மாஸ்டரிடமிருந்து தனியாக வந்தது: 'என்ன டீச்சர் இது? நாங்க உங்களை நம்பிப் பேசினோம்.' அவள் பதில் எழுதவில்லை. அந்தக் கோபம் நிஜமா நடிப்பா என்றும் தெரியவில்லை. காலையில் இந்தச் சந்தேகம் தனக்கு வந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாள்.

ஆறாவது நிமிஷம் போன் அடித்தது. சர்வேயரின் தம்பி.

வாலு ஓடிவந்து காதை ஒட்டி நின்றாள். கணவர் மின்விசிறியை நிறுத்தினார்.

"டீச்சர், காலைல ஒண்ணு எழுதறீங்க. இப்ப ஒண்ணு எழுதறீங்க. எதை நம்பறது?" குரலில் கோபமே இல்லை. விருந்தாளியை விசாரிப்பதுபோல் இருந்தது.

"ரெண்டாவதை நம்புங்க சார். நீங்க எங்க குழுவுல இல்லையே, எப்படிப் பார்த்தீங்க?"

"நமக்கும் நல்லது நினைக்கிறவங்க நாலு பேர் இருக்காங்க. இன்னிக்கு உங்க நாத்தனாரைக் கேட்டேன், அண்ணன்கிட்ட ஏதாவது மாற்றம் தெரியுதான்னு. ஒண்ணும் இல்லைன்னாங்க. உங்ககிட்டயும் அதையேதான் சொன்னாங்களா?"

"வீட்டுல நாங்க வேலையைப் பத்திப் பேசிக்கிறதில்லை சார்."

"அப்படியா? பஸ் ஸ்டாப்புல அரை மணி நேரம் பேசிட்டு இருந்தீங்களே. பால்கனியில இருந்து பார்த்தேன். ரெண்டு பஸ்ஸை வேற விட்டீங்க."

வாலுவின் விரல்கள் அண்ணியின் தோளில் அழுந்தின.

"நாத்தனாரும் அண்ணியும் அரை மணி நேரம் பேச வேலையா சார் வேணும்?" என்றாள் டீச்சர். "சண்டை போட்டுட்டு இருந்தோம். எனக்குப் போன வீடு அவளுக்கு எப்படிக் கிடைச்சதுன்னு. நீங்களே சொல்லுங்க, எனக்கு எரியுமா எரியாதா?"

அந்தப் பக்கம் அவர் சிரித்தார்.

"எரியும், எரியும். எங்க வீட்டுலயும் உண்டு இதெல்லாம்." சிரிப்பு நின்றது. "சரி, அந்தக் காகிதத்தை இன்னிக்கு அனுப்பலை. ஆனா ஒரு மாத்தம். உங்க நாத்தனாரை நாளைக்குக் காலைல பத்து மணிக்கே வரச் சொல்லுங்க. நானும் அண்ணன் பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கப் போறேன். ஒரு மணி நேரமும். இனிமே தினமும்."

வைத்துவிட்டார்.

வாலு முதலில் மூச்சு விட்டாள். "அனுப்பலைன்னார் இல்லை? அது போதும் அண்ணி. பக்கத்துல உட்காரட்டும். நான் பாட்டுக்குக் காலை மடக்கி நீட்டிட்டு வந்துடறேன்."

டீச்சர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியாது வாலு. ரொம்ப நாளுக்கு அப்புறம் ஒரு சொல் கிடைச்சவங்க அதை விடமாட்டாங்க. தூங்கி எழுந்தாலும் அதையே சொல்வாங்க. தெரிஞ்ச முகத்தைப் பார்த்தா இன்னும் சத்தமா. நிறுத்துங்கன்னாலும் அவங்களால நிறுத்த முடியாது. நாளைக்கு நீ உள்ள நுழையறப்பவே ஆரம்பிச்சுடுவார்."

"மறுபடி இருமறேன்."

"ஒரு மணி நேரமுமா?"

கணவர் கேட்டார்:

"நாளைக்கு ஒரு நாள் அவரைப் பேசாம இருக்க வைக்க வழி இருக்குமே? உனக்குத் தெரியாததா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள் டீச்சர். "நான் பேச வைக்கத்தானே படிச்சேன்."